கோவையிலிருந்து மலம்புழா பார்க்குக்குக் குடும்பத்தோடு போகிறோம்: சாப்பாட்டை மலிவாகவும் சீக்கிரமாகவும் எப்படி முடிப்பது?

கேள்வி கேட்டவர் சொன்னது இது: பெரியவர்கள் இரண்டு பேர், 7, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய் உள்ள பாட்டி ஒருவர். காரில் காலையில் கிளம்பி, பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் ரைடு பார்க்கான மலம்புழா பேன்டசி பார்க். பிறகு ஒருநாள் கொச்சிப் பக்கம் வொண்டர்லாவும் போகும் எண்ணம். "உள்ளே விலையும் அதிகம், வரிசையும் நீளம் என்கிறார்கள். வழி என்ன?"

முதலில் ஒரு கணக்கு. டிக்கெட் காசு கொடுத்து உள்ளே போன பிறகு உங்களிடம் இருப்பது ஏழெட்டு மணி நேரம். மதியம் 1 மணிக்கு எல்லாரோடும் சேர்ந்து சாப்பாட்டு வரிசையில் நின்றால், கூப்பன் வாங்க, தட்டு வாங்க, மேசை பிடிக்க என்று ஒன்றேகால் மணி நேரம்கூடப் போய்விடும். ஐந்து பேரின் டிக்கெட்டில் அது எத்தனை ரூபாய் என்று பாருங்கள். சாப்பாட்டு விலையை விட அதுதான் பெரிய நஷ்டம். அதனால் "எங்கே மலிவு" என்பதற்கு முன்னால் "எப்போது சாப்பிடுவது" என்பதை முடிவு செய்யுங்கள். நான் சொல்லும் ஏற்பாடு: காலைச் சாப்பாடு வெளியே, வயிறு நிறைய. மதியம் உள்ளே, 12 மணிக்கு முன்னாலேயே, பாத்திரத்தில் தயாராக இருக்கும் ஒன்று. சாயங்காலம் கேட்டைத் தாண்டி வந்த பிறகு மீண்டும் வெளியே.

காலைச் சாப்பாட்டைக் கேரள எல்லையான வாளையாறு தாண்டி வைத்துக்கொள்ளலாம். கோவையிலிருந்து பாலக்காடு சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து மலம்புழா இன்னொரு 10. ஒரு அரை மணி நேரம் சுற்றிப் போக முடிந்தால் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்குப் போங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் சுடும் இட்லி அது. மண்பானை வாயில் நூல் வலை கட்டிய வளையம், அதன்மேல் ஈரத் துணி, துணிமேல் மாவு, விறகடுப்பு. அது தோசை மாதிரித் தட்டையாக வரும். தொட்டால் பஞ்சு போல இருக்கும், துணியின் நெய்தல் கோடுகூட அடியில் பதிந்திருக்கும். மிளகாய்ப் பொடியில் தேங்காய் எண்ணெய் குழைத்துத் தருவார்கள். ஆளுக்கு மூன்று நான்கு சாப்பிட்டு, பொடி தடவி இன்னொரு பத்து பார்சல் வாங்கிவிடுங்கள். சட்னி மட்டும் பார்சலில் வேண்டாம். அரைத்த தேங்காய் வெயில் காலத்துக் காரில் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஊருக்குள் கடைகள் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை 8 மணிக்கு மேல் போனால் காத்திருக்க வேண்டியிருக்கும், அன்றைக்கு நேராக ஹைவே ஓரக் கடையே நல்லது.

புட்டு-கடலை, ஆப்பம் இரண்டும் நல்ல காலைச் சாப்பாடுதான். ஆனால் பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் காலையில் வேண்டாம். சுற்றுகிற ரைடில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பும்போது குமட்டல் வரும். கொழுப்புள்ள சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும் என்பதால் அந்தக் குமட்டல் வாந்தியாகவே முடியும். சாப்பிட்ட பிறகு 45 நிமிடமாவது சுழலும் ரைடு, தலைகீழாகத் தொங்கும் ரைடு வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, அதிலும் தலை சுற்றும்.

இனி வெளிச் சாப்பாடு கொண்டுபோவது. பெரிய பார்க்குகள் பெரும்பாலானவற்றில் பையைத் திறந்து பார்த்து வெளி உணவை நிறுத்திவிடுவார்கள். கைக்குழந்தை உணவும் மருந்தும் விடுவார்கள். பாட்டிக்குச் சர்க்கரை என்றால் டாக்டர் சீட்டின் ஒரு நகல், நாலு பிஸ்கட், குளுக்கோஸ் பொட்டலம், இவ்வளவையும் தனி டப்பாவில் போட்டு, கேட்டிலேயே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஒளித்துக்கொண்டு போகப் பார்த்தால்தான் தகராறு வரும். டிக்கெட் வாங்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: "வெளியே போய் திரும்ப வரலாமா?" கையில் முத்திரை குத்தியோ வளையம் மாட்டியோ விடும் இடமானால், காரில் சாப்பாடு வைத்துக்கொள்வது லாபம். விடமாட்டார்கள் என்றால் காரில் வைக்கும் பொட்டலம் சாயங்காலத்துக்குத்தான்.

காரில் வைப்பதென்றால் புளியோதரை ஒன்றைத்தான் சொல்வேன். உங்கள் ஐந்து பேருக்கு அரிசி 500 கிராம், புளி 60 முதல் 70 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, வேர்க்கடலை ஒரு கைப்பிடி. சோறு பொலபொலவென்று இருக்கத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். புளிக்காய்ச்சலைப் பச்சை வாசம் போய் எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுங்கள். முக்கியமான படி இதற்குப் பிறகுதான்: சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த ஆவி நீராகித் திரும்பச் சோற்றில் சொட்டும், கெடுவது அந்த ஈரத்திலிருந்துதான் தொடங்கும். வெறும் சோறும் குழம்புமாகக் காலை 5 மணிக்குக் கட்டி மதியம் 2 மணிக்குச் சாப்பிடுவது ஆபத்து. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சோறு கொதிக்கும்போது சாகாது. வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை விடும், மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. புளியோதரையில் புளிப்பும் எண்ணெயும் அதைத் தள்ளிப் போடும்.

பிள்ளைகள் தயிர்சாதம்தான் கேட்பார்கள் என்றால், குழைந்த சூடான சோற்றில் பால் நிறைய ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தயிர் இரண்டு கரண்டி மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் அதுவே உறைந்து பதமாகிவிடும். முதலிலேயே தயிரைக் கொட்டினால் 12 மணிக்கு வாயில் வைக்க முடியாத புளிப்பு. வெங்காயம் போடாதீர்கள். முந்தைய நாள் ராத்திரி ஃப்ரீசரில் வைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்களோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் சாதமும் குளுமையாக இருக்கும், உருகியதும் குடிக்கத் தண்ணீரும் ஆச்சு. டிக்கியில் வேண்டாம், சீட்டுக்குக் கீழே நிழலில் வையுங்கள்.

உள்ளே சாப்பிடுவதானால் கடையின் பெயரைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள். அண்டாவில் தம் போட்டு இறக்கிய பிரியாணி, பாத்திரத்தில் நிற்கும் சோறு-சாம்பார், இவை கரண்டியால் அள்ளிப் போட அரை நிமிடம். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ் எல்லாம் வாணலிக்கு ஒரு தடவை ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். முன்னால் எட்டு ஆர்டர் இருந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். பரோட்டா சூடாகக் கல்லிலிருந்து வந்தால் வாங்கலாம். அடுக்கி வைத்து ஆறிப்போனது என்றால் மைதாவும் கொழுப்பும் இறுகி ரப்பர் மாதிரி இழுக்கும், பிள்ளைகள் பாதியில் வைத்துவிடுவார்கள், காசு வீண். பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி), உள்ளிவடை (வெங்காய வடை) வாங்குமுன் எண்ணெயைப் பாருங்கள்: கறுத்து, நுரை கட்டி, புகைகிற எண்ணெயானால் நகர்ந்துவிடுங்கள். எடுத்த பழம்பொரி காகிதத்தை நனைக்கிற அளவுக்கு எண்ணெய் குடித்திருந்தால், எண்ணெய் சரியாகக் காயுமுன் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நேரம் 11:45. அதைத் தவறவிட்டால் 2:30. இடைப்பட்ட நேரத்தில் சாப்பாட்டுப் பக்கமே போகாதீர்கள். அந்த நேரம்தான் ரைடு வரிசை குறையும். ஒருவர் கூப்பன் வரிசைக்கு, ஒருவர் பாட்டியோடு மேசைக்கு. ஐந்து பேருக்கு ஐந்து தட்டு தேவையில்லை: இரண்டு சாப்பாடும் ஒரு பிரியாணியும் முதலில் வாங்குங்கள், போதவில்லை என்றால் இன்னொன்று. உள்ளே பெரும்பாலும் அளவுச் சாப்பாடுதான், "சோறு இன்னும் கொஞ்சம்" கிடைக்குமா என்று கூப்பன் வாங்குமுன் கேட்டுவிடுங்கள். கோவைப் பிள்ளைகளுக்குக் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசி பழக்கமிருக்காது, "வெள்ளை அரிசி இருக்கா" என்று கேட்டால் பல இடங்களில் தருவார்கள். பாலக்காட்டில் தமிழே போதும்.

பலரும் மறப்பது பணம். நீரில் இறங்கும்போது போன் லாக்கரில் இருக்கும், ஜிபே அங்கே உதவாது. லாக்கருக்குப் போய்வரவே கால் மணி நேரம். கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பையில் 500 ரூபாய் சில்லறையாக வையுங்கள். முன்கூட்டிக் காசு ஏற்றும் கார்டு கொடுக்கும் இடமானால் கொஞ்சமாக ஏற்றி, மீதியைக் கவுன்டர் மூடுமுன் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் அங்கேயும் வரிசை இருக்கும்.

தண்ணீர். நீருக்குள்ளேயே இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தோன்றாது. 3 மணிக்குத் தலைவலியாகத்தான் வரும். பெரியவர்களுக்கு மதியம் 3 மணிக்குள் ஒரு லிட்டராவது உள்ளே போக வேண்டும். அதில் ஒரு கிளாஸ் சம்பாரமாக இருக்கட்டும்: மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. கலர் பானத்தை விட மலிவு, போன உப்பும் திரும்பும், பாட்டிக்கும் சர்க்கரை இல்லாதது. ஸ்டீல் பாட்டிலோடு போங்கள், குடிநீர்க் குழாய் எங்கே என்று உள்ளே நுழைந்ததுமே பார்த்து வையுங்கள். குலுக்கி சர்பத் பார்க்க அழகுதான், ஆனால் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத இடத்தில் ஐஸ் இல்லாமல் வாங்குங்கள். மஞ்சள் காமாலை இப்படியும் பரவும். கேரள ஹோட்டல்களில் மேசைக்கு வரும் இளஞ்சிவப்பு வெந்நீர் பதிமுகம் என்ற மரத்தின் கட்டைச் சீவல் போட்டுக் கொதிக்க வைத்தது, இலவசம். சூடாக வந்தால் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளலாம். வெதுவெதுப்பாக வந்தால் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்திருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால்? 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு அதற்கு இடம் தருகிறது, ஆனால் அது உட்கார வைத்துச் சேவை தரும் ஹோட்டல், ரெஸ்டாரன்ட்டுகளைப் பற்றியது. கையில் எடுத்துக் கொடுக்கும் பெட்டிக்கடைக்கு அது பொருந்தாது. ஒரே பொட்டலத்துக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு எம்ஆர்பி அச்சிடுவதும் 2018 ஜனவரி 1 முதல் கூடாது. பில் கேளுங்கள், பில் கேட்டதுமே பெரும்பாலும் விலை சரியாகிவிடும். இல்லையென்றால் பில்லோடு 1915-க்கு அழைக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கொச்சிக்குப் போகும் நாளில் வழிச் சாப்பாடு வேறு மாதிரி. 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் திறந்த அதே இடம்தான் இன்றைய வொண்டர்லா, பள்ளிக்கரையில் இருக்கிறது. கோவையிலிருந்து தூரம் அதிகம் என்பதால் காலைச் சாப்பாட்டைத் திருச்சூர்ப் பக்கம் 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். உள்ளே மதியம் மேலே சொன்னபடியே.

திரும்பும்போது கேட்டுக்கு நேர் எதிரே இருக்கும் கடைகளில் உட்காராதீர்கள், பசியோடு வெளியே வருகிறவர்களை நம்பித்தான் அங்கே விலை. மலம்புழாவிலிருந்து ஒலவக்கோடு வரை ஒரு கால் மணி நேரம் பொறுத்தால், அங்கே பாலக்காடு ஜங்ஷன் ரயில் நிலையத்தைச் சுற்றி சைவம், அசைவம் இரண்டும் உண்டு. "ஊண் ரெடி", "வீட்டில் ஊண்" என்று பலகை பார்த்தால் அது மதியச் சாப்பாடு, 12 முதல் 3 மணி வரைதான். சாயங்காலம் கேட்டால் இருக்காது. மதியமே வெளியே வர அனுமதி இருந்தால் கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டலையும் விசாரியுங்கள். 2020-இல் 20 ரூபாய் ஊணோடு தொடங்கியவை, மானியம் நின்ற பிறகு விலை ஏறியது. ஆனாலும் சுத்தமான சோறு, தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), ஒரு குழம்பு என்று இந்தப் பக்கத்தில் அதைவிட மலிவாக வயிறு நிறைவது கஷ்டம். மீன் வறுவல் தனி விலை, முதலிலேயே கேளுங்கள்.

சாயங்காலம் என்றால் தட்டுக்கடை, அதாவது சாலையோரச் சிற்றுண்டிக் கடை: தோசை, ஆம்லெட், கட்டன் சாயா (பால் இல்லாத டீ). கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதால் பயமில்லை. குளித்து நடுங்கி வரும் பிள்ளைகளுக்கு முதலில் சூடாக ஏதாவது கொடுங்கள். வாளையாறு தாண்டுவதற்குள் இருவரும் தூங்கிவிடுவார்கள், "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று தள்ளினால் வெறும் வயிற்றோடுதான் படுப்பார்கள். பாட்டிக்கு மாத்திரை நேரம் 8 மணி என்றால், அதற்கு அரை மணி முன்னால் வண்டியை நிறுத்தும்படி கணக்கு வைத்துக் கிளம்புங்கள்.