பில் இல்லாத பூச்சி, பேர் இல்லாத தூள்: பச்சோந்தி வளர்ப்போர் கேள்விகள்

கே: ஏமன் நாட்டுப் பச்சோந்தி வளர்க்கிறோம். அதற்குத் தீனியாகக் கடையில் விற்கும் கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) கட்டுப்படியாகவில்லை. எதிர் காலி மனையில் வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமா? (தாம்பரம்)

ப: காலி மனை வேண்டாம். கொசுப்புகை அடிக்கும் தெரு, மருந்து அடித்த தோட்டம் எதுவும் வேண்டாம். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாகப் பளிச்சென்று உட்கார்ந்திருக்குமே, அந்த வெட்டுக்கிளியைத் தொடவே தொடாதீர்கள். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் இருக்கும். மின்மினி இன்னும் மோசம். அதைத் தின்று செத்த வளர்ப்புப் பல்லிகள் உண்டு. மருந்தே படாத புல்வெளியில் கிடைக்கும் சின்னப் பச்சை வெட்டுக்கிளியை எப்போதாவது கொடுக்கலாம். அதிலும் குடற்புழு ஆபத்து இருக்கிறது. பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது.

கே: வீட்டுக் கரப்பான்? (அண்ணா நகர்)

ப: போன மாதம் மருந்து அடித்திருப்பீர்களே. வேண்டாம்.

கே: வாங்கி வந்த டப்பாவில் பாதிப் பூச்சி செத்திருந்தது. "உயிர்ச்சரக்குக்கு கியாரண்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். பில் கேட்டால் சிரிக்கிறார். (கொளத்தூர்)

ப: சிரிக்கட்டும், நியாயம் உங்கள் பக்கம். இந்தக் கடைகளில் எனக்குத் தீராத கடுப்பு பில் விஷயம்தான். பத்து ரூபாய் பிஸ்கெட்டுக்குப் பில் வரும் ஊரில், ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கூண்டுக்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கால்சியம் தூளின் கதையும் இதுதான். பெரிய டப்பாவிலிருந்து அள்ளிக் கவரில் போட்டு நீட்டுகிறார்கள். தயாரித்தவர் பெயர், மாதம், எடை, விலை ஒன்றும் இருக்காது. கிரிக்கெட் பூச்சியில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதனால்தான் தூள் தூவிக் கொடுக்கிறோம். அந்தத் தூள் கால்சியமா, மைதாவா? யார் கண்டது! அடுத்த முறை டப்பாவைக் கடையிலேயே திறந்து பாருங்கள், பணத்தை யுபிஐ-யில் கட்டுங்கள், வாங்கியதற்கு அதுவே சான்று. இப்போதைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள்.

கே: 'யூவிபி' என்று போட்ட விளக்கு வாங்கினேன். பச்சோந்தியின் முன்னங்கால் வளைந்துவிட்டது. (வேளச்சேரி)

ப: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விளக்குச் சண்டை அப்புறம். யூவிபி என்பது வெயிலில் உள்ள ஒரு புற ஊதாக் கதிர், அது கிடைக்காவிட்டால் கால்சியம் உடம்பில் சேராது, எலும்பு வளையும். எங்கள் வீட்டு இகுவானா பல்லிக்கும் இப்படி ஒரு போலி விளக்கு வந்தது: நீலச் சாயம் பூசிய குண்டு பல்பு. நல்ல விளக்கிலேகூட ஆறு மாதம், ஒரு வருடத்தில் அந்தக் கதிர் வலு இழந்துவிடும், வெளிச்சம் மட்டும் குறையாது. மருத்துவச் செலவு ரசீதுகளோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கே: செங்கல்பட்டுப் பக்கம் மரத்தில் பிடித்த பச்சோந்திக்கு என்ன கொடுக்கலாம்? (அடையாறு)

ப: விடுதலை. நம் ஊர்ப் பச்சோந்தியை வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கே: மகள் பிறந்தநாளுக்கு ஏமன் பச்சோந்தி வாங்கிவிட்டேன். கீரை தின்னுமா? (போரூர்)

ப: வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டாமா? இலையைக் கொஞ்சம் கடிக்கும், ஆனால் பூச்சிதான் சாப்பாடு. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பெரும்பாலும் சீண்டாது. இலையில் தெளியுங்கள், துளியை நக்கிக் குடிக்கும். வன உயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்றவர் காகிதம் கொடுத்தாரா? இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.