மூன்று விரல் நுழையாத வாய்: தாடை மூட்டு பிசியோதெரபி கேள்வி பதில்

கேள்வி: வலது பக்கம் காதுக்கு முன்னால் வலிக்கிறது. வாய் முழுசாகத் திறக்கவில்லை என்று தோன்றுகிறது. எவ்வளவு திறந்தால் சரி, மேடம்?

பதில்: ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள், மூன்றும் நுழைந்தால் சரி. உங்கள் விரல்தான் உங்கள் வாய்க்கு அளவுகோல். துல்லியமாக வேண்டுமென்றால் மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் நடுவே ஸ்கேல் வையுங்கள். 40 முதல் 50 மி.மீ. வரை இயல்பு, 35-க்குக் கீழே என்றால் குறைவு. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க மறந்தால் அளவு குறைவாகக் காட்டும். வலிக்காமல் திறக்கும் அளவு, வலியோடு திறக்கும் அளவு இரண்டையும் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் பெரும்பாலும் தசைதான் இறுகியிருக்கும்.

கேள்வி: இரண்டு வருஷமாக 'டிக்' சத்தம் கேட்கிறது. வலி இல்லை. சிகிச்சை வேண்டுமா?

பதில்: வேண்டாம். வலியோ, பூட்டிக்கொள்வதோ வந்தால் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கும் அந்தச் சத்தம் இருந்தது. போன வாரம் திடீரென்று நின்றுவிட்டது. ஆனால் இப்போது இரண்டு விரல்தான் நுழைகிறது.

பதில்: சத்தம் நின்றதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் தட்டு (டிஸ்க்) முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பும்போது எழுவதுதான் அந்த 'டிக்'. திரும்பாமல் முன்னாலேயே தங்கிவிட்டால் சத்தமும் போகும், திறப்பும் போகும். கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள்: கீழ்த்தாடை கோளாறுள்ள பக்கமாகவே ஒதுங்கும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் கொஞ்சம்தான் போகும். மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறேன். வாய்க்குள் கட்டைவிரல் வைத்து மூட்டைப் பிரிக்கச் செய்யும் டிஸ்ட்ராக்‌ஷனைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். எனக்குச் சரியாக வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதலில் லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு க்ளவுஸ் போடுங்கள். சாய்ந்த நிலையில் படுக்க வைத்து, தலைக்கும் கழுத்துக்கும் முழு ஆதரவு கொடுங்கள். கட்டைவிரல் வாய்க்குள் இருக்கும்போது அவரால் 'வலிக்கிறது' என்று சொல்ல முடியாது. ஆகவே கை தூக்கினால் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கட்டைவிரலின் சதைப்பகுதியைக் கீழ்க் கடைவாய்ப்பற்களின் மேல் படுக்கையாக வையுங்கள், மற்ற விரல்கள் வெளியே தாடை எலும்பைத் தழுவட்டும். இன்னொரு கை தலையைப் பிடித்திருக்க, அதன் ஒரு விரல் காதுக்கு முன்னால் மூட்டின் மேல் இருக்க வேண்டும். மூட்டு பிரிகிறதா என்று சொல்வது அந்த விரல்தான். பிறகு நேர் கீழ்நோக்கி மெதுவாக அழுத்தி, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை. எச்சில் விழுங்க நேரம் கொடுங்கள். தசை தளர்ந்த பிறகு, அந்தப் பிரிவை விடாமலே தாடையை லேசாக முன்னால் நகர்த்துங்கள்.

பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: அழுத்தம் கடைவாயில் விழாமல் முன்னால் விழுகிறது. மோவாய் மட்டும் கீழே இறங்கும், மூட்டு பிரியாது. வாய் திறந்ததைப் பார்த்துப் பலன் வந்ததாக நினைத்துக்கொள்வோம். இன்னொன்று, கட்டைவிரல் நுனி ஈறில் குத்துவது. குத்தினால் அவர் பல்லைக் கடிப்பார், அப்புறம் எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

முடித்ததும் மறுபடி ஸ்கேல் வைத்து அளக்கவும். ஒன்றிரண்டு மி.மீ. கூடியிருந்தாலே சரியான வழியில் போகிறீர்கள். எலும்பு முறிவு, சீழ், ஆடும் பற்கள், அடிக்கடி நழுவும் மூட்டு, எலும்போடு எலும்பு ஒட்டிப்போன மூட்டு: இவற்றில் இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: வீட்டில் நானே செய்யக்கூடியது எது?

பதில்: 'ன்' என்று சொல்லி நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல்பற்களுக்குச் சற்றுப் பின்னால் நிற்கிறதல்லவா, அதுதான் அதன் ஓய்விடம். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொடக் கூடாது. நாக்கை அங்கிருந்து எடுக்காமல் வாயைத் திறந்து மூடுங்கள், ஒரு தடவைக்கு 6 முறை, நாளுக்கு 6 தடவை. நாக்கு அங்கே இருக்கும்வரை தாடை அளவுக்கு மீறி முன்னால் ஓடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 15 நிமிடம் கன்னத்தில் வைத்துவிட்டுத் தொடங்கினால் எளிது. சூயிங்கம், கரும்பு, கெட்டி முறுக்கு மூன்றுக்கும் கொஞ்ச நாள் விடுமுறை.

கேள்வி: அப்பாவுக்கு ஒரு விரல்தான் நுழைகிறது. காரம் பட்டால் வாய் எரிகிறது. இருபது வருஷமாகப் பாக்கு போடுகிறார்.

பதில்: இதை மூட்டுப் பிரச்சினை என்று நினைத்து எங்களிடம் மட்டும் வராதீர்கள். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடவினால் நார் நாராகத் தட்டுப்படும். பாக்கினால் வரும் நோய் இது, புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை நிறுத்திவிட்டு முதலில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் காட்டுங்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, திறப்பு கூடக்கூட ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அவர்கள் சொன்ன பிறகு.

கேள்வி: கொட்டாவி விட்டபோது வாய் திறந்தபடியே நின்றுவிட்டால்?

பதில்: நேரே அவசரப் பிரிவு. மோவாயை மேலே தள்ளி மூட முயல வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. இட்லி மென்றாலே தாடை வலிக்கிறது, நிறுத்தினால் குறைகிறது. கொஞ்ச நாளாக நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி. எத்தனை சிட்டிங் ஆகும்?

பதில்: ஒரு சிட்டிங்கும் வேண்டாம். இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருந்தால் பார்வை போகும் ஆபத்து உண்டு. கண் மங்குகிறதா என்று இப்போதே கேளுங்கள். மங்கினால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.