துயரம் இல்லை, திருகை

கேள்வி: அயர்லாந்தில் படிக்கும் என் மகள், கிளேர் மாவட்டத்தில் பவுல்நபிரோன் என்ற பழங்காலக் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தாள். 'துயரப் பள்ளம்' என்று அர்த்தமாம். யாருடைய துயரம் அது?

(ஒரு வாசகி, தேனி)

பதில்: மகளிடம் சொல்லுங்கள் அம்மா, அது துயரம் இல்லை, திருகை. ஐரிஷ் மொழியில் 'பொல்' என்றால் பள்ளம், 'பிரோ' என்றால் மாவரைக்கும் திருகைக்கல். 'திருகையின்' என்று சொல்லும்போது அது 'பிரோன்' ஆகிவிடும். துயரத்துக்கும் 'பிரோன்' என்றே ஒரு சொல் இருப்பதால், கல்லறையைப் பார்த்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வட்டாரத்துக்கே பர்ரன் என்று பெயர்; பாறை நிலம் என்று பொருள். பக்கத்து ஊர் கேரன், 'கார்ன்' என்ற சொல்லிலிருந்து வந்தது: கற்குவியல். 'காஹர்' என்று தொடங்கும் இடமென்றால் அங்கே ஒரு கற்கோட்டை இருந்திருக்கும். கண்ணில் பட்டதைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நில அளவைக்காரர்கள் இவற்றையெல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலில் வரைபடத்தில் ஏற்ற, ஓசை மட்டும் மிஞ்சியது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

சரி, கல்லறைக்கு வருவோம். 1985-இல் ஒரு நிலைக்கல் விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யும் சாக்கில் மறு வருடம் ஆன் லிஞ்ச் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டினார். சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் 30-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 5,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை. பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டவில்லை. ஒருவருடைய இடுப்பெலும்பில் கல் ஆயுதத்தின் முனை குத்தியபடியே இருந்தது. பற்களோ கல்லில் அரைத்த முரட்டுத் தானியத்தைத் தின்று தேய்ந்திருந்தன. ஆனால் அதை வைத்துத் திருகைப் பெயருக்கு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. பெயர் வைத்தவர்கள் பல ஆயிரம் ஆண்டு கழித்து வந்தவர்கள். கல்லறை கட்டியவர்கள் காலத்தில் சுழலும் திருகையே கிடையாது, அம்மிபோல் முன்னும் பின்னும் தேய்ப்பதுதான்.

யாருடைய துயரம் என்று கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன். அந்த எலும்புகளில் ஒன்று ஏறத்தாழ ஆறு மாத ஆண் குழந்தையுடையது. 2020-இல் வெளியான மரபணு ஆய்வில் அதற்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது தெரியவந்தது. தாய்ப்பால் குடித்ததற்கான அடையாளமும் எலும்பில் இருந்தது. அந்தக் குழந்தையையும் பெரியவர்களோடு அதே கல்லறையில்தான் வைத்திருக்கிறார்கள்.