கேளுங்க சொல்றேன்: காணாமப்போன 11 நாளும் ஒரு வெட்டி 'பி'யும்

கேள்வி: பிரிட்டன்ல வரி வருஷம் ஏப்ரல் 6ல ஆரம்பிக்குதாமே? ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சா என்னவாம்?

பதில்: இதுக்கு 1752க்குப் போகணும். கத்தோலிக்க நாடுங்க சிலது 1582லயே கிரிகோரியன் காலண்டருக்கு மாறிடுச்சு, ஆனா அது போப் கொண்டுவந்ததாச்சேன்னு இங்கிலாந்துக்காரங்க 170 வருஷம் முறுக்கிக்கிட்டு பழைய ஜூலியன் காலண்டர்லயே இருந்தாங்க, அதுக்குள்ள ரெண்டு காலண்டருக்கும் நடுவுல 11 நாள் இடிச்சிருச்சு. கடைசில வேற வழியில்லாம மாறினாங்க. 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை ராத்திரி படுத்தவங்க காலைல எந்திரிச்சா செப்டம்பர் 14, வியாழக்கிழமை. நல்லவேளை, கிழமையில கை வைக்கல.

அப்போ அங்க வாடகை, குத்தகைன்னு கணக்கு தீர்க்கிற முக்கியமான நாள் மார்ச் 25, 'லேடி டே'ம்பாங்க, மேரி மாதாவுக்கு தேவதூதர் வந்து சேதி சொன்ன நாளாம். இங்கிலாந்துல வருஷப் பிறப்பே அன்னைக்குத்தான் இருந்துச்சு, அத ஜனவரி 1க்கு இழுத்ததுல 1751ங்கற வருஷம் 282 நாள்லயே முடிஞ்சுபோச்சு பாவம். காலண்டர்ல 11 நாள வெட்டிரலாம், வர்ற காசுல வெட்ட விடுவாங்களா? கெடுவ 11 நாள் தள்ளிட்டாங்க. மார்ச் 25ஓட 11 கூட்டிப் பாருங்க, ஏப்ரல் 5. இன்னைக்கும் வரி வருஷம் 5ந்தேதி முடிஞ்சு 6ந்தேதி புதுசா தொடங்குது.

'எங்க 11 நாளத் திருப்பிக் குடு'ன்னு ஜனங்க கலவரம் பண்ணினதா ஒரு கதை சுத்தும், அதுக்கு உருப்படியா ஆதாரம் கிடையாது. வில்லியம் ஹோகார்த் 1755 வாக்குல வரைஞ்ச ஒரு தேர்தல் விருந்து ஓவியத்துல தரையில ஒரு பதாகை கிடக்கும், அதுல இந்த கோஷம் எழுதியிருக்கும். அவர் பண்ணின கிண்டல பின்னாடி வந்தவங்க சரித்திரமாவே ஆக்கிட்டாங்க.

கேள்வி: கடனுக்கு இங்கிலீஷ்ல 'டெட்'னு சொல்றோம், ஸ்பெல்லிங்ல ஒரு 'பி' எதுக்கு?

பதில்: படிச்சவங்க பண்ணின வேலை. பிரெஞ்சுலேர்ந்து வந்தப்ப அதுல 'பி'யே கிடையாது, ஆனா மூலம் லத்தீன் 'டெபிடும்' ஆச்சேன்னு பண்டிதர்கள் எழுத்துல மட்டும் சொருகிட்டாங்க, வாய்ல யாரும் சேர்த்துக்கல. இதாவது பரவாயில்ல, 'ஐலண்ட்'ல இருக்கிற 'எஸ்' சுத்தமா தப்பு! அது அசல் பழைய இங்கிலீஷ் வார்த்தை, பிரெஞ்சு வழியா வந்த 'ஐல்'க்கு சொந்தக்காரன்னு நெனச்சு ஒட்ட வெச்சது.

கேள்வி: ஸ்காட்லாந்தோட தேசிய விலங்கு நிஜமாவே யூனிகார்ன்தானா, அந்தக் கதையில வர்ற ஒத்தக்கொம்புக் குதிரை?

பதில்: ஆமாங்க. அரச சின்னத்துல பாருங்க, சங்கிலி போட்டே வெச்சிருப்பாங்க.

கேள்வி: பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல இன்னும் பிரெஞ்சு பேசுறாங்களாமே, வெக்கமா இல்லையா?

பதில்: 1066ல பிரான்சுல இருக்கிற நார்மண்டிலேர்ந்து வில்லியம் வந்து இங்கிலாந்த ஜெயிச்சதோட மிச்சம் அது. கூட்டத்தொடர் முடிக்கிற சடங்குல பிரபுக்கள் சபையில ஒருத்தர் மசோதா பேர வாசிப்பார், விக் வெச்ச கிளார்க் 'லெ ருவா லெ வெ'ம்பார், ராஜாவுக்கு இஷ்டம்னு அர்த்தம், உடனே அது சட்டம். எனக்குப் பிடிச்சது ஒப்புதல் குடுக்காதப்ப சொல்ற வாக்கியம்தான். 'முடியாது'ன்னு சொல்லக்கூடாதாம், 'யோசிச்சுப் பாக்குறேன்'னு சொல்லணுமாம்! பொண்ணு பாத்துட்டு 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்'னு கெளம்புவாங்களே, அதே கதை. கடைசியா அப்படி தட்டிக்கழிச்சது ஆன் மகாராணி, 1708ல, ஸ்காட்லாந்து குடிப்படை மசோதாவ. அதுக்கப்புறம் பிரிட்டன்ல எந்த ராஜா ராணியும் யோசிக்கவே இல்ல.