‘ஹேவ்’ போதுமா, ‘ஹேவ் பீன்’ வேண்டுமா?

‘ஐ ஹேவ் ரெட் திஸ் புக்’, ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் திஸ் புக்’ – என்ன வித்தியாசம்?

முதலாவதில் புத்தகத்தைப் படித்து முடித்தாயிற்று. இரண்டாவதில் முடித்தேனா என்பது பேச்சே இல்லை; இத்தனை நேரமாக, அல்லது இத்தனை நாளாக, அதில் மூழ்கியிருக்கிறேன் என்பதுதான் செய்தி. அதனால்தான் எண்ணிக்கை வந்தால் சிம்பிள், அதாவது ‘பீன்’ இல்லாத ‘ஹேவ்’: ‘ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்’. நேரம் வந்தால் பெரும்பாலும் கன்டினியூவஸ், அதாவது ‘ஹேவ் பீன்’ போட்டு வினையில் ‘இங்’ சேர்ப்பது: ‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங் லெட்டர்ஸ் ஆல் மார்னிங்’. மூன்று கடிதம் என்று எண்ணிச் சொல்லிவிட்டு ‘பீன் ரைட்டிங்’ போட்டால் காதில் இடறும்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ தவறா?

தவறுதான், இரண்டு இடத்தில். ‘ஐந்து வருஷமா வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வது அப்படியே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். அப்புறம் ‘சின்ஸ்’. ‘ஐந்து வருடமாக’ என்றால் ‘ஃபார்’. ‘2019-லிருந்து’ என்றால் ‘சின்ஸ்’. தமிழில் ‘ஆக’ வருகிறதா, ‘இலிருந்து’ வருகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் குழப்பம் தீரும்.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்’ சரியா?

இல்லை. ‘போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழ் இடம் கொடுக்கும், ஆங்கிலம் கொடுக்காது. முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ சா ஹிம்’தான். காலம் சொல்லாமல் ‘பார்த்திருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’.

‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்’ என்று சொல்லலாமா?

கூடாது. ‘நோ’ (தெரிந்திருப்பது), ‘பிலீவ்’ (நம்புவது), ‘ஓன்’ (சொந்தமாக வைத்திருப்பது) போன்றவை செயல் அல்ல, நிலை; அவற்றுக்குப் பொதுவாக ‘இங்’ வராது. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் இயர்ஸ்.’

பயிற்சித்தாளில் என் விடை அடிக்கடி விடைக்குறிப்போடு ஒத்துப்போவதில்லை. ஏன்?

உங்கள் விடையும் சரியாக இருக்கலாம். ‘லிவ்’, ‘வொர்க்’ போன்ற வினைகளில் ‘ஹேவ் லிவ்ட்’, ‘ஹேவ் பீன் லிவிங்’ இரண்டுமே பல இடங்களில் பொருந்தும். குறிப்பில் ஒன்றுதான் இருக்கும். கோடிட்ட இடம் நிரப்புவதோடு நிற்காதீர்கள். தினமும் நீங்கள் செய்த ஒரே வேலையை எடுத்து, எத்தனை முடித்தீர்கள் என்று ஒரு வாக்கியம், எவ்வளவு நேரமாகச் செய்கிறீர்கள் என்று இன்னொன்று எழுதி, இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.