நிலாவெளி ஹோட்டலில் மூன்று மாதம்: மகனை அனுப்பலாமா?

அம்மா, கம்பஸ் விடுமுறைக்கு மகன் திருகோணமலை நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலொன்றில் வரவேற்பு மேசையில் நிற்கப் போகிறான் என்று யோசிக்கிறீர்கள். போகட்டும். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், வெளிநாட்டவரும் தெற்கத்தியவரும் வந்து குவிவார்கள். முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைக்கு நல்ல களம். ஆனால் போய் நின்றதால் மட்டும் திறன் ஒட்டிக்கொள்ளாது.

அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984இல் எழுதிய அனுபவக் கற்றல் சுழற்சியில் நான்கு படிகள்: செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, ஏன் அப்படி நடந்தது என்று விளங்கிக்கொள்வது, அடுத்த முறை மாற்றிச் செய்து பார்ப்பது. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். அன்றன்று இரவு பத்து நிமிடம், ஒரேயொரு சம்பவம். கடல் குழம்பி, பக்கத்திலுள்ள புறாத்தீவுக்குச் சுற்றுலாப் படகு போகவில்லை, ஆறு பேர் சத்தம் போடுகிறார்கள், மகன் "மெனேஜரைக் கேளுங்கோ" என்று நழுவிவிட்டான் என்று வையுங்கள். அவர்கள் கோபம் படகு போகாததற்கா, வெளிக்கிட்டு வந்து நின்ற பிறகு சொன்னதற்கா? பின்னதுதான் என்று பட்டால், மறுநாள் விடியவே படகுக்காரரிடம் விசாரித்து, காலைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லி, கன்னியா வெந்நீரூற்றையோ கோணேசர் கோயிலையோ காட்டிவிடலாம். சரிவந்ததா என்பதையும் எழுதவேண்டும். இந்தப் பழக்கம் நாளைக்கு வங்கியில் வேலை கிடைத்தாலும் கூடவே வரும்.

மாதக் கடைசியில் முப்பது நாளையும் சேர்த்து எழுதினால், யார் என்ன சொன்னார் என்பது மறந்து "நல்ல அனுபவம்" என்ற வரிதான் மிஞ்சும்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கால்மணி நேரம் கேட்கட்டும். "எப்படிச் செய்யிறன்?" என்றால் "பரவாயில்லை" என்பார். "நேற்று அந்த ஆக்களிட்டை நான் எதை மாற்றிச் சொல்லியிருக்கலாம்?" என்றால்தான் பிரயோசனமான பதில் வரும். சிங்களம் பேசக் கூச்சமென்றால், அன்று தடக்கிய ஐந்து வசனங்களைக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து மறுநாள் பாவிக்கட்டும்.

சுயவிபரக்கோவையில் "தொடர்பாடல் திறன் உண்டு" என்று போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். கொப்பியிலிருந்து மூன்று சம்பவங்களை எடுத்து நிலைமை, தன் பொறுப்பு, செய்தது, விளைவு என்று நேர்முகப் பரீட்சையில் சொல்லப் பழகட்டும். எங்கள் பிள்ளைகள் பணிவில் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கு இவன் செய்தது எது என்று தெரியாமல் போகும்.

படிப்புக் குழம்புமோ என்ற கவலைக்கு வழி, பரீட்சைக்கு மூன்று கிழமை முன்னரே விலகும் திகதியைச் சேரும்போதே பேசிக்கொள்வதுதான். செய்த வேலைகளைக் குறிப்பிட்ட கடிதத்தையும் அதற்கு ஒரு கிழமை முன்பே கேட்கச் சொல்லுங்கள்.