சொல்லாய்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லீசிய மொழிக் கல்லறைச் சாசனங்களில் 'மிந்தி' என்றொரு சொல் வருகிறது. ஓரிடத்தில் 'உறவினர் சங்கம்' என்றும், இன்னோரிடத்தில் 'கல்லறைகளைக் கவனித்த சபை' என்றும் படித்தேன். எது சரி? நமது 'மன்று' இதற்கு உறவா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: இரண்டுமே ஊகங்கள். ஏன் ஊகத்தைத் தாண்ட முடியவில்லை என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

லீசியா இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரை. ரோமுக்குப் போகும் வழியில் பவுல் கப்பல் மாறிய மீறாப்பட்டணம் அங்கேதான் இருந்தது. அம்மொழிச் சாசனங்கள் பெரும்பாலும் கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றிலும் மிகப் பல கல்லறைகளில் வெட்டப்பட்டவை. 'இக்கல்லறையைக் கட்டியவர் இன்னார், தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக' என்ற ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். சிலவற்றுக்குப் பக்கத்திலேயே கிரேக்க வாசகமும் உண்டு. ஆகவே 'லதா' மனைவி, 'திதெய்மி' பிள்ளை என்பதில் ஐயமில்லை.

'மிந்தி'க்கு அந்த வாய்ப்பு இல்லை. கல்லறை தொடர்பாகச் செலுத்தும் பணத்தைப் பற்றிய வரிகளில், 'அதா' என்ற நாணய அலகின் அருகில்தான் அதைக் காண்கிறோம். பணம் யாருக்குப் போனது என்பதை வரி சொல்கிறது. அவர்கள் உறவினரா, ஊர் அதிகாரிகளா என்பதைச் சொல்லவில்லை. லீசியாவின் கிரேக்கச் சாசனங்களும் இதை மொழிபெயர்க்காமல் 'மிந்திஸ்' என்றே எழுதின. பொருத்தமான கிரேக்கச் சொல் இருந்திருந்தால் அதைப் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 'கல்லறைமேல் அதிகாரம் கொண்டு பணம் பெற்ற அமைப்பு' என்று எழுதுங்கள், அதற்கு மேல் போகவேண்டாம்.

ஒலிப்பில் தமிழருக்குச் சிரமமில்லை. லீசியர் மெல்லினத்தின் பின் 'த'கரத்தை எழுதி, நாம் 'பந்து' என்பதில் ஒலிப்பதுபோலவே ஒலித்தனர். பாரசீக மன்னன் தாரியஸின் பெயரைக்கூட முன்னால் ஒரு 'ந்' சேர்த்தே எழுதினர்.

'மன்று' உறவல்ல. ஒலியை முதலில் பிடித்துப் பொருளைப் பிறகு பொருத்துவதுதான் இங்கே நடக்கும் பிழை. 'குளம் வான் பாயுது' என்று வன்னியில் சொல்வதை வெளியூரார் ஒருவர் அகராதியை மட்டும் வைத்துப் படித்தால், குளத்துக்கும் ஆகாயத்துக்கும் முடிச்சுப் போடுவார். 'வான்' என்பது மேலதிக நீர் வழியும் இடம் என்பதைக் குளக்கட்டில் நின்றால்தான் அறியலாம். எனவே முதலில் சொல் வரும் வரிகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள், அடுத்து பக்கத்து வினையையும் வேற்றுமை உருபையும் பாருங்கள், பின்பு இருமொழிச் சாசனம், உறவுமொழி கடைசியில்.

இந்த வரிசையில் வென்ற சொல் 'க்ந்தவதி'. 1973இல் லீசியாவின் லெத்தூன் கோயில் தலத்தில் கிடைத்த மும்மொழிக் கல்லில் கிரேக்கப் பகுதி அதற்கு 'அரசன்' என்கிறது. உறவுமொழியான லூவியத்தில் 'ஹந்தவதி' அரசன். 'ஹந்த்' என்றால் முன்புறம். தலையிலிருந்து தலைவன் வந்ததுபோல. 'மிந்தி'க்கு இப்படி எல்லோரும் ஏற்ற ஒரு வேர் கிடைக்கவில்லை.

கேள்வி: லீசியர் தம்மைத் 'திர்மிலி' என்றனராம். அது தமிழரைக் குறிக்கும் 'திரமிள'தானே?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தம்மை அப்படி அழைத்தது உண்மை, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டசும் 'தெர்மிலாய்' என்கிறார். ஆனால் ஒரு பெயரின் ஒப்புமை உறவைக் காட்டாது. லீசியம் வடமொழியைப் போல இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது. லீசியத்தில் குதிரை 'எஸ்பெ', வடமொழியில் 'அசுவ'. மகள் 'க்பத்ரா', லூவியத்தில் 'துவத்ரி'. இரண்டைக் குறிக்கும் 'க்பி', வடமொழியில் 'த்வி'. மற்ற மொழிகளின் 'த்வ' இங்கே 'க்ப' ஆவதைக் கவனியுங்கள்: ஒரே மாற்றம், வெவ்வேறு சொற்களில். திராவிட உறவு சொல்வோர் எண்ணுப்பெயரிலும் உறவுமுறைப் பெயரிலும் இதுபோன்ற ஒழுங்கைக் காட்டவேண்டும். 'திர்மிலி'யின் மூலமே இன்னும் தீரவில்லை. பழைய அனத்தோலியாவை (இன்றைய துருக்கியை) ஆண்ட இத்தைத்தியரின் (Hittite) ஏடுகளில் வரும் 'அத்தரிம்மா' என்ற இடப்பெயரோடு அதை இணைப்போர் உண்டு.